7. சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டுவது எப்படி?

மறையாக்கம் பற்றிய கதைகளில் வழக்கமாக மூன்று பேர் வருவார்கள். செய்தி அனுப்புகிறவர், அதைப் பெறுகிறவர், நடுவில் நின்று ஒட்டுக்கேட்கிறவர். முந்தைய அத்தியாயத்தில் பார்த்த வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் செய்தியும் இந்த மூவரின் கதைதான். முதல் இருவரும் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். மூன்றாமவர் கையில் சாவி சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காசு வாங்கிக்கொண்டு படம் காட்டும் இணையத் தொழிலில் இந்தக் கதை குழம்பிப் போகிறது. இங்கே பெறுகிறவரும் ஒட்டுக்கேட்கிறவரும் ஒரே ஆள். சந்தா கட்டியவருக்குப் படத்தைக் காட்டியாக வேண்டும். காட்ட வேண்டுமானால் சாவியை அவர் வீட்டுக்கே அனுப்ப வேண்டும். அதே சாவியை வைத்து அவர் பிரதி எடுத்து டெலிகிராமில் போட்டுவிடவும் கூடாது. கணிதத்துக்கோ பார்ப்பதும் பிரதி எடுப்பதும் ஒன்றுதான். இரண்டுக்கும் தேவை மறைநீக்கப்பட்ட அதே எண்கள். கணிதத்தால் தீர்க்க முடியாத இந்தச் சிக்கலைப் பொறியியல், சட்டம், விலை மூன்றையும் சேர்த்துப் போட்டு ஒருவாறு ஒப்பேற்றி வருகிறார்கள்.

மறையாக்கம் பலவீனமானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இன்றைய ஓ.டி.டி. தளங்கள் பயன்படுத்தும் ஏ.இ.எஸ். முறையில் சாவியின் நீளம் 128 பிட். அதாவது 340-க்குப் பின்னால் 36 சுழியங்கள் போட்டால் வரும் அளவுக்குச் சாவிகள் இருக்கலாம். நொடிக்கு ஒரு லட்சம் கோடிச் சாவிகளைப் போட்டுப் பார்க்கும் கணினி இருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்கப் பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப் போலச் சுமார் 78 கோடி மடங்கு காலம் பிடிக்கும். எந்தத் திருடரும் அந்த வழியில் போவதில்லை. சாவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுவதே அவர்கள் வேலை.

அந்தத் தேடலின் முதல் பெரிய வெற்றி 1999இல் நடந்தது. 1996இல் டிவிடி வந்தபோது அதற்கு சி.எஸ்.எஸ். என்றொரு பூட்டு போட்டிருந்தார்கள். சாவி வெறும் 40 பிட். பிளேயர் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சாவி ரகசியமாகக் கொடுக்கப்பட்டது. பெட்டிக்குள் சில்லில் இருந்த சாவிகள் பத்திரமாக இருந்தன. ஆனால் கணினியில் டிவிடி பார்க்க மென்பொருள் பிளேயர்களும் வந்தன. ஸிங் என்ற நிறுவனத்தின் பிளேயரில் சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்தது. நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுச் சிறுவனும் பெயர் சொல்லாத அவனது இணையக் கூட்டாளிகளும் சேர்ந்து டி.சி.எஸ்.எஸ். என்ற சிறு நிரலை வெளியிட்டார்கள். பூட்டு அன்றோடு முடிந்தது. ஹாலிவுட்டின் புகாரின் பேரில் நார்வே அரசு வழக்குத் தொடுத்தது. தான் காசு கொடுத்து வாங்கிய வட்டைத் திறந்து பார்ப்பது குற்றமாகாது என்று 2003 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே தீர்ப்பு.

டிவிடியில் பட்ட அடி புளூரே, எச்.டி. டிவிடி காலத்தில் ஒரு நல்ல கணிதத்தைக் கொண்டுவந்தது. அமோஸ் ஃபியாட், மோனி நவோர் என்ற இரு இஸ்ரேலிய அறிஞர்கள் 1993இல் முன்வைத்த ஒலிபரப்பு மறையாக்கம் என்ற கருத்தே அதன் வேர். லட்சக்கணக்கான பெட்டிகளில் ஏதாவது ஒன்றின் சாவி கசிந்தால், அடுத்து அச்சாகும் வட்டுகளில் அந்தப் பெட்டியை மட்டும் விலக்கிவிடலாம். மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவும் இராது. நடைமுறையில் அது வேறு மாதிரி போனது. 2007இல் 32 எழுத்துகளில் எழுதக்கூடிய ஒரு சாவி இணையத்தில் கசிந்தது. அதை நீக்கச் சொல்லி வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பினார்கள். டிக் என்ற தளம் நீக்கவும் செய்தது. கொதித்தெழுந்த பயனர்கள் அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் முகப்பில் தெரியாத அளவுக்கு அதையே பதிவிட்டுத் தள்ளினார்கள், தளம் பணிந்தது. சட்டைகளில் அச்சடித்தார்கள், பாட்டாகவும் பாடினார்கள். சாவியை மாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே விற்ற வட்டுகள் விற்றவைதாம். அவற்றுக்குப் புதுப் பூட்டு போட வழியில்லை.

வட்டு போய் இணைய ஒளிபரப்பு வந்ததும் படம் விற்பவருக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சர்வரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். நீங்கள் ஒரு படத்தைத் தொட்டதும் நடப்பது இது. படம் சுமார் ஆறு நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, மறையாக்கப்பட்டு, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சேமிப்பகத்தில் கிடக்கிறது. துண்டுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சாவியின்றி அவை குப்பை. உங்கள் கருவிக்குள் இருக்கும் டி.ஆர்.எம். என்ற உரிமை மேலாண்மைப் பகுதி ஓர் உரிமக் கோரிக்கையைத் தயாரித்து அனுப்புகிறது. சந்தா நடப்பில் இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், கருவி நம்பகமானதா என்று சர்வர் பார்க்கிறது. எல்லாம் சரி என்றால் படத்தின் சாவியை உங்கள் கருவிக்கு மட்டும் புரியும்படி இன்னொரு சாவியால் மூடி அனுப்புகிறது. கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி என்று இதில் மூன்று முறைகள் கோலோச்சுகின்றன.

இங்கேதான் பொறியியல் ஒரு தந்திரம் செய்கிறது. சாவியை உங்கள் வீட்டுக்குள் வைக்கிறது. ஆனால் உங்களுக்குக் கொடுப்பதில்லை. நல்ல கைபேசிகளின் செயலிச் சில்லுக்குள் ஒரு தனி அறை உண்டு. ஆண்ட்ராய்டு மென்பொருளாலும் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. சாவி அங்கேயே பிரிக்கப்படுகிறது, படம் அங்கேயே மறைநீக்கப்படுகிறது. விரிந்த படச்சட்டங்கள் வேறு எந்த நிரலும் படிக்க முடியாத நினைவகப் பகுதி வழியாக நேரே திரைக்குப் போகின்றன. ஓ.டி.டி. படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருவது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நிரலுக்கு அந்தப் படம் உண்மையிலேயே தெரிவதில்லை.

இந்தத் தனி அறை எல்லாக் கருவிகளிலும் இருக்காது. வைட்வைன், அறை உள்ளவற்றை எல்1 என்றும், வெறும் மென்பொருளில் ஓடுபவற்றை எல்3 என்றும் பிரிக்கிறது. எல்3 கருவிக்குப் பல சேவைகள் 480 வரிகளுக்கு மேல் துல்லியம் தருவதில்லை. லினக்ஸ் மடிக்கணினியில் முழுச் சந்தா கட்டிப் பார்ப்பவருக்கு மங்கலான படம்; அதே படத்தைத் திருட்டுத்தனமாக இறக்குபவருக்கோ 4கே. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஆகாத விஷயம் இதுதான். தண்டனை போய்ச் சேரும் முகவரி தவறு.

மென்பொருளில் சாவியை ஒளிக்கவே முடியாதா என்று கேட்கலாம். முயன்றிருக்கிறார்கள். சாவியைத் தனியே ஓரிடத்தில் வைக்காமல், பெரிய பெரிய எண் அட்டவணைகளுக்குள் கரைத்துவிடும் முறையைக் கனடாவில் ஒரு குழு 2002இல் வெளியிட்டது. 2004இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை உடைத்தார்கள். 2019 ஜனவரியில் டேவிட் பியூக்கனன் என்ற ஆய்வாளர் வைட்வைன் எல்3-ஐயும் அதே மாதிரி திறந்துவிட்டதாக அறிவித்தார். அவர் கையாண்ட முறை அழகானது: கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பிட்டை வேண்டுமென்றே தவறாக்குவது. வரும் பிழையான விடையையும் சரியான விடையையும் ஒப்பிட்டால், பிழை எப்படிப் பரவியது என்பதிலிருந்து சாவி துண்டு துண்டாக வெளிப்படும்.

தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கம்பிக்கும் எச்.டி.சி.பி. என்று இன்டெல் உருவாக்கிய தனிப் பூட்டு உண்டு. சுமார் 40 கருவிகளின் சாவிகள் கிடைத்தால் தாய்ச் சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்று 2001இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2010 செப்டம்பரில் தாய்ச் சாவி இணையத்தில் வந்தது. அது உண்மையானதே என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது.

இவை எல்லாம் உடையாமல் நின்றால்கூட கடைசி ஓட்டை ஒன்றை அடைக்க முடியாது. திரையிலிருந்து கண்ணுக்கு ஒளி வந்தாக வேண்டும். கண்ணுக்கு வரும் ஒளி கேமராவுக்கும் வரும். ஆகவே பூட்டு ஆராய்ச்சிக்கு இணையாக வேறொரு பாதையும் கிளம்பியது. தடுக்க முடியாவிட்டால் போகட்டும், யாருடைய பிரதி என்று கண்டுபிடிக்க முடியுமா?

அந்தக் காலத்துச் சலவைத் தொழிலாளர்கள் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி இடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. உடுத்தியவர் கண்ணில் படாது. ஆனால் இது எந்த வீட்டுத் துணி என்று இட்டவருக்குத் தெரியும். வீடியோவுக்கும் அப்படியொரு குறி வேண்டும். கண்ணுக்குத் தெரியக் கூடாது. படத்தைச் சுருக்கினாலும், ஓரத்தை வெட்டினாலும், திரையைக் கேமராவில் பிடித்தாலும் அழியக் கூடாது.

இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று எதிரி. ஏன் என்று பார்க்க வீடியோ எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் 1974இல் டி.சி.டி. என்ற உருமாற்றத்தை வெளியிட்டார்கள். ஜேபெக் படங்களும் நாம் பார்க்கும் வீடியோக்களில் மிகப் பெரும்பாலானவையும் அதன் மேல் நிற்பவை. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் போன்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். மெதுவாக மாறும் அலைகள் வானம், முகம், சுவர் போன்ற பெரிய வடிவங்களைச் சுமக்கின்றன. வேகமாக மாறும் அலைகள் நுணுக்கங்களைச் சுமக்கின்றன. கண் நுணுக்கங்களை அதிகம் பொருட்படுத்தாது என்பதால் சுருக்கும்போது அவற்றைத் தூக்கி எறிகிறார்கள்.

ஆரம்பத்தில் குறி இட்டவர்கள் கண் கவனிக்காத அந்த இடங்களிலேயே இட்டார்கள். கண்ணுக்கு வேண்டாதது சுருக்கும் நிரலுக்கும் வேண்டாததுதானே. முதல் சுருக்கலிலேயே குறி போயிற்று. இங்கெமார் காக்ஸும் மூன்று தோழர்களும் 1997இல் எழுதிய கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. படத்தின் முக்கியமான பகுதியிலேயே குறியை வை என்றார்கள். அதை அழிக்க முயன்றால் படமும் கெடும். கண்ணில் படாமல் இருக்க, குறியை ஒரே இடத்தில் அழுத்தமாக வைக்காமல் ஆயிரம் இடங்களில் மிக மெல்லப் பரப்பினார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஆயிரம் தற்போக்கு எண்கள் கொண்ட வரிசை ஒன்று. படத்தின் ஆயிரம் முக்கிய அலைகளை அந்த வரிசைப்படி இம்மியளவு கூட்டிக் குறைத்தார்கள்.

பிடிபட்ட பிரதியில் இருந்து குறியைப் படிப்பது எளிய பெருக்கல். அலைகளில் ஏற்பட்ட மாற்றங்களைச் சந்தேகத்துக்குரியவரின் வரிசையோடு ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும். வரிசை பொருந்தினால் ஆயிரம் பெருக்கலும் ஒரே திசையில் சேர்ந்து ஆயிரம் மடங்காக வளரும். பொருந்தாவிட்டால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது ஆயிரத்தின் வர்க்கமூலமான 32 அளவில் நிற்கும். இரைச்சலுக்கும் இதே கதிதான். படம் பாதி சிதைந்திருந்தாலும் குறி தலைநீட்டுவது இதனால்.

கோடிக்கணக்கானோர் பார்க்கும் தளத்தில் ஆளுக்கொரு பிரதியைத் தனித்தனியே தயாரிக்க முடியாது. அதற்கொரு சிக்கனமான வழி கண்டார்கள். ஒவ்வொரு ஆறு நொடித் துண்டையும் அ, ஆ என்று இரண்டே விதமாகத் தயார் செய்துவைப்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே குறி வேறு. உங்களுக்கு அ-ஆ-ஆ-அ என்று வந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆ-ஆ-அ-அ என்று வரும். 31 துண்டுகளில் 214 கோடிக்கு மேல் வெவ்வேறு வரிசைகள் அமைக்கலாம். இந்திய மக்கள் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். 31 துண்டுக்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம் ஆறு நொடி. சேமிப்பகச் செலவு இரண்டு மடங்கு, அவ்வளவே.

திருடர்களும் சும்மா இருப்பதில்லை. இரண்டு சந்தாக்களை வாங்கி, இரு பிரதிகளையும் ஒப்பிட்டால் எங்கெங்கே வேறுபடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களில் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் கலந்தால் மூன்றாவதாக ஒரு வரிசை பிறக்கும். அது ஏதும் அறியாத ஒருவருடையதாக இருந்துவிட்டால்? டான் போனே, ஜேம்ஸ் ஷா இருவரும் 1995இல் இந்தச் சிக்கலைக் கணிதமாக எழுதினார்கள். ஹங்கேரியின் காபோர் டார்டோஸ் 2003இல் அதற்குச் சிறந்த விடை தந்தார். வரிசைகளைக் குறிப்பிட்ட ஒருவித நிகழ்தகவுப்படி அமைத்தால், கூட்டாளிகள் எப்படிக் கலந்தாலும் குறைந்தது ஒருவராவது மாட்டுவார். அப்பாவி மாட்டும் வாய்ப்பை விரும்பிய அளவுக்குச் சிறிதாக்கலாம். அதற்கு விலை நீளம். கூட்டாளிகள் இரு மடங்கானால் குறியின் நீளம் நான்கு மடங்காக வேண்டும். இதைவிட மலிவாக முடியாது என்பதையும் அவரே நிறுவினார். இரண்டு மணி நேரப் படத்தில் இருப்பவை 1,200 துண்டுகள் மட்டுமே. பெரிய கூட்டணியைப் பிடிக்க அது போதாது. ஆனால் சந்தாக்கள் வாங்கி ஒப்பிட்டுக் கலக்கும் பொறுமை உள்ள திருடர்கள் குறைவு என்பதே தளங்களின் அதிர்ஷ்டம்.

குறி நிஜத்தில் ஆளைப் பிடித்துக் கொடுத்த கதை ஆஸ்கர் அகாடமியில் நடந்தது. வாக்களிக்கும் உறுப்பினர்களுக்கு அனுப்பிய விஎச்எஸ் கேசட்டுகளில் தனித்தனிக் குறி இருந்தது. 2004 தொடக்கத்தில் அப்படியொரு படம் இணையத்தில் வர, குறி நேரே கார்மைன் கரிடியிடம் கொண்டுபோய் விட்டது. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் நடித்தவர். தனக்கு வந்த கேசட்டுகளை இல்லினாயில் ஒரு நண்பருக்கு ஆண்டுக்கணக்காக அனுப்பிவந்திருக்கிறார். பிப்ரவரியில் அகாடமி அவரை நீக்கியது.

திரையரங்குகளுக்கும் அதே சிகிச்சைதான். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 2005இல் வகுத்த டி.சி.ஐ. விதிகளின்படி ஒவ்வொரு ஐந்து நிமிடப் படத்திலும் 35 பிட் குறி இருக்க வேண்டும். 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. ஆண்டின் எந்தக் கால் மணி நேரம், எந்த ஊர்ப் புரொஜெக்டர் என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். படத்தின் பூட்டைத் திறக்கும் சாவிக்கு கே.டி.எம். என்று பெயர்; அது குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட சர்வரில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வேலை செய்யும். கோடம்பாக்கத்தில் திருட்டைத் தடுப்பதைவிடப் பாக்கியை வசூலிக்கவே இந்தச் சாவி அதிகம் பயன்பட்டிருக்கிறது என்று தோன்றும். ஃபைனான்ஸ் சிக்கல் தீராமல் கே.டி.எம். வராததால் முதல் காட்சி தள்ளிப்போன தமிழ்ப் படங்கள் பல.

சட்டம் இந்தத் துறையில் பெரும்பாலும் பின்னால் ஓடிவருவது. தமிழ்நாடு அரசு 2004இல் திருட்டு விசிடிக்காரர்களையே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அரங்கில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். முகம் தெரியாத எதிரிக்கு 'அசோக் குமார்' என்று பெயர் வைத்து வழக்குப் போடும் வழக்கமும் நம் நீதிமன்றங்களில் உண்டு. 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற அப்படியொரு ஆணையைக் காட்டி இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் வீமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே மொத்தமாக முடக்கின. படம் இருக்கும் முகவரியை மட்டும் முடக்கினால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி பாஸ்வேர்டு. அதுவும் ஒரு சாவிதான். பூட்டை உடைக்காமலே பகிரக்கூடிய சாவி. தன் சந்தாதாரர்களைத் தவிர மேலும் 10 கோடி வீடுகள் கடன் பாஸ்வேர்டில் பார்ப்பதாக நெட்ஃபிளிக்ஸ் 2022இல் கணக்கிட்டது. ஐ.பி. முகவரி, கருவி அடையாளம், பார்க்கும் பழக்கம் ஆகியவற்றை வைத்து ஒரே வீடா என்று ஊகிக்கும் முறையை 2023இல் அமல்படுத்தியது. ஜூலையில் இந்தியாவுக்கும் வந்தது. விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தையும் பல நாடுகளில் அதை ஒட்டியே விரித்தது. 2022 தொடக்கத்தில் 22 கோடியாக இருந்த சந்தாதாரர்கள் 2024 முடிவில் 30 கோடியைத் தாண்டினார்கள். கதவை மூடும்போது பக்கத்தில் ஒரு மலிவான கதவைத் திறந்துவைத்தது அந்த நிறுவனத்தின் சாமர்த்தியம்.

நெட்ஃபிளிக்ஸ் பிழைத்துக்கொள்ளும். நீட், டி.என்.பி.எஸ்.சி. பாடங்களை வீடியோவாக்கி விற்கும் தனி ஆசிரியர்தான் இதில் பாவம். ஒரு மாணவர் வாங்கினால் போதும், அடுத்த வாரம் டெலிகிராம் குழு ஒன்றில் முழுப் பாடமும் கிடைக்கும். டெல்லியில் ஓர் ஆசிரியை வழக்குப் போட்டார். எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அங்குள்ள தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்றது டெலிகிராம். டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் அதை ஏற்க மறுத்தது. குழு நடத்தியவர்களின் பெயர், கைபேசி எண், ஐ.பி. முகவரி ஆகியவற்றை டெலிகிராம் மூடிய உறையில் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் எல்லா ஆசிரியராலும் உயர் நீதிமன்றம் போக முடியாது.

பாடம் விற்பதற்கென்று இருக்கும் தளங்கள் பலவும் '128 பிட் மறையாக்கம்' என்று விளம்பரம் செய்கின்றன. பொய் இல்லை. ஆனால் டி.ஆர்.எம். இல்லாமல், எச்.எல்.எஸ். என்ற இணைய ஒளிபரப்பு முறையின் வெறும் மறையாக்கத்தில், வீடியோத் துண்டுகளின் பட்டியலிலேயே சாவியின் முகவரியும் எழுதியிருக்கும். உள்ளே நுழைந்த எந்த மாணவரின் பிரவுசருக்கும் அந்தச் சாவி மூடாமல் வரும். அதைப் பொறுக்கிப் படத்தை இறக்கித் தரும் இலவச நீட்சிகள் ஏராளம். யூடியூபில் 'பட்டியலிடப்படாத' இணைப்பாக வைப்பது இன்னும் மோசம். அது பூட்டே இல்லை. ஆண்ட்ராய்டு செயலியில் ஒரே வரி நிரலால் திரைப்பதிவைக் கறுப்பாக்கலாம், ரூட் செய்த போனில் அதை எடுத்தும்விடலாம். மாணவரின் கைபேசி எண் திரையில் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும் அந்த எரிச்சலூட்டும் முறை, பார்க்க அசிங்கமாக இருந்தாலும், என் கணிப்பில் கொடுக்கும் காசுக்கு அதிகம் உழைப்பது அதுதான். தன் எண் தெரியும் பிரதியைக் குழுவில் போட யாரும் யோசிப்பார்கள்.

ஆகவே வீடியோப் பாடம் விற்கப் போகிறவர், தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். மாணவரின் கருவியில் சாவி எங்கே இருக்கும்? கசிந்த பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தால் அது யாருடையது என்று சொல்வீர்களா? நேரான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.